கோடையும் கொழுந்தும்: ஓய்வு பற்றிய ஓர் அறவினா

தமிழ் இலக்கிய மரபிலே வேனில் என்பது பாலைத்திணைக்குரிய பெரும்பொழுது. பொருள் தேடிப் பிரிந்தவன் சுரம் கடந்து நடக்கும் காலம். மேனாட்டாருக்கோ அது கூடுதலின் காலமாகும். பனி நீங்கிய மாதங்களிலே குடும்பத் திருமணங்கள் நிகழும். வசதி படைத்தோர் பாரிசுக்கும் உரோமாபுரிக்கும் பயணம் போவர். வீட்டிலே தங்கியோர் தம் சிறு தோட்டத்தில் ரோசாவும் அவரையும் வளர்ப்பர். திருமணம், பயணம், தோட்டம் என்னும் மூன்றும் சேர்ந்ததே அவர்தம் வேனில் எனலாம். இலங்கையின் மத்திய மலைநாட்டிலே ஆண்டு முழுதும் குளிர் நிலவும் ஒரு பிரதேசத்தைத் தெரிந்தெடுத்து, அங்கே இந்த வேனிலை ஆங்கிலேயர் நிலைநாட்டினர். அதே நூற்றாண்டிலே, அதே மலைகளில், வேனில் என்ற ஒன்றையே அறியாத ஒரு மக்கட் கூட்டமும் குடியேற்றப்பட்டது. ஓய்வு யாருக்கு உரியது என்ற வினாவை ஏட்டளவிலன்றி மண்ணளவிலே ஆராய விரும்புவோருக்கு நுவரெலியாவையும் ஹற்றனையும் விடப் பொருத்தமான களம் எளிதிற் கிடையாது.

நுவரெலியாவின் பிற்கால வரலாறு ஓய்வின் வரலாறாகவே தொடங்குகின்றது. 1819ஆம் ஆண்டு ஜோன் டேவி என்ற மருத்துவர் அவ்வுயர்நிலத்தைக் கண்டு எழுதினார். 1820களின் இறுதியில் ஆளுநர் எட்வேட் பார்ண்ஸ் அங்கே தமக்கு ஒரு மாளிகை எழுப்பினார். நோயுற்ற படையினர் உடல் தேறுவதற்கான உறைவிடமும் அமைந்தது. 1848ஆம் ஆண்டு சாமுவேல் பேக்கர் என்பார் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அங்கு நாட்டிவிட முனைந்து, கொல்லன், பண்ணைக் கண்காணி, மாடுகள், வேட்டை நாய்கள், விதைகள் ஆகிய யாவற்றையும் இங்கிலாந்திலிருந்து கொணர்ந்தார். அவர் 1855இல் நாடு திரும்பிவிட்டார். ஆயினும் மேனாட்டு மரக்கறிகள் அம்மண்ணை விட்டு நீங்கவில்லை. 1861இல் ஹக்கலைத் தாவரவியற் பூங்கா சின்கோனா பயிரிடுவதற்காகத் தொடங்கப்பட்டது. கழகமும் குதிரைப் பந்தயத் திடலும் குழிப்பந்தாட்டத் திடலும் அந்நூற்றாண்டு முடியுமுன் வந்து சேர்ந்தன. இன்றும் ஏப்ரல் மாதத்திலே கொழும்பிலிருந்து வாகனங்கள் வரிசையாக ஏறிவரும் ‘சீசன்’ அந்த வேனிலின் எச்சமேயாகும்.

இந்த ஏப்ரல் மாதத்தைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். வரட்சி நீங்கி முதன்மழை விழுந்ததும் தேயிலைச் செடிகள் ஒருமிக்கத் தளிர்க்கின்றன. ஏப்ரல், மே மாதங்களிலேதான் கொழுந்து மிகுதி. கொழுந்து முற்றிவிட்டால் தரம் கெடும். ஆகவே மலைகளிற் கைகள் ஓய்வதற்கில்லை. ஊரே ஓய்வெடுக்க மலையேறி வரும் வாரங்கள், மலையில் வாழ்வோருக்கு ஆண்டிலேயே மிகக் கடிய வாரங்களாய் அமைந்துவிடுகின்றன. பூங்காவின் ஒரு புறத்தே மலர்க்கண்காட்சி. அப்பாலுள்ள சரிவிலே கூடை நிறையும் வரை நிமிராத முதுகுகள். இஃது எவரும் திட்டமிட்டுச் செய்த கொடுமையன்று, பருவக்காற்றின் செயல். எனினும் ஒருவரின் ஓய்வும் மற்றொருவரின் உழைப்பும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதை இயற்கையே வரைந்து காட்டுவதுபோல இருக்கின்றது.

ஓய்வு என்றால் என்ன? வேலையின்மை ஓய்வாகாது. வேலை கிடையாதவன் ஓய்ந்திருப்பவன் அல்லன், அவன் தவித்திருப்பவன். சோம்பலும் ஓய்வாகாது. ‘மடியின்மை’ என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் கண்டித்தது மடியையே அன்றி ஓய்வையன்று. அடுத்த அதிகாரத்தை ஆள்வினையுடைமைக்கு ஒதுக்கிய அவர், ஆள்வினைக்கு இடையே மனிதன் மூச்சு வாங்குவதை எங்கும் பழித்தாரில்லை. போர் செய்வது அமைதிக்காக ஆவதுபோலத் தொழில் செய்வது ஓய்வுக்காகவே என்று கருதிய அரிஸ்டோட்டில், மனித வாழ்வின் உயர்ந்த பயன் ஓய்விலேயே கைகூடும் என்றார். கிரேக்கர் ஓய்வைக் குறிக்க வழங்கிய ‘ஸ்கோலே’ என்ற சொல்லிலிருந்தே கல்விக்கூடத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் பிறந்தன. தமிழிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. பள்ளி என்பது முதலிலே படுக்குமிடம், தங்குமிடம். பின்னர்த் துறவோர் உறையுமிடம். அதன் பின்னரே கற்குமிடம். ஒன்றோடொன்று தொடர்பற்ற இருமொழிகள், ஓய்வின் பெயரையே கல்விக்குச் சூட்டியிருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் மாலையில் உடல் ஓய்ந்த பின்னர் விளக்கை ஏற்றி நூலை விரிக்கும் எவருக்கும் அதன் பொருத்தம் புலனாகும்.

எனினும் அரிஸ்டோட்டிலின் கொள்கைக்கு ஒரு கறுத்த அடித்தளம் உண்டு. அவர் போற்றிய ஓய்வு அடிமைகளின் தோள்களிலே நின்றது. தறியின் ஓடம் தானே நெய்யுமாயின் எசமானனுக்கு அடிமை வேண்டியதில்லை என அவர் கூறினார். ஓடம் தானே நெய்யாதாகையால் அடிமை வேண்டும் என்பதே அதன் உட்பொருள். 20ஆம் நூற்றாண்டிலும் இக்கருத்து மறையவில்லை. நாகரிகம் நிலவ வேண்டுமாயின் ஓய்வுடைய ஒரு வகுப்பும், அதைத் தாங்கும் வேறொரு வகுப்பும் தேவை என்று 1928இல் கிளைவ் பெல் என்ற கலைத்திறனாய்வாளர் கூசாமல் எழுதினார். மார்க்சின் மருமகனான பால் லபார்க் 1880இலேயே ‘சோம்பியிருக்கும் உரிமை’ என்ற நூலால் எதிர்முனையிலிருந்து பேசியிருந்தார். அடிமை வேண்டாத தறிகள் வந்த பின்னரும் தொழிலாளி ஏன் மூச்சுமுட்ட உழைக்கின்றான் என்பது அவர் கேள்வி. நாளொன்றுக்கு நான்கு மணிநேர உழைப்பே போதும் என 1932இல் பேர்ட்ரண்ட் ரசல் வாதித்ததும் இந்த வழியிலேதான். இவ்வாதங்களை மலைநாட்டுக்குக் கொணரும்போது ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. தொழிற்சாலையிலே கொழுந்து வாட்டுவதற்கும் அரைப்பதற்கும் பொறிகள் வந்து நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. ஆனால் சரிவிலே இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய்க் கிள்ளும் வேலையை இன்றும் பெரும்பாலும் பெண்களின் விரல்களே செய்கின்றன. ஓடம் பாதிவழி வரைதான் தானே நெய்கின்றது. ஆகவே பொறி வந்து ஓய்வைத் தரும் என்று இருந்துவிட முடியாது. ஓய்வைப் பங்கிடும் அறத்தைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும்.

இங்கே ‘சோம்பேறி’ என்ற வசையின் வரலாறு பயன்படும். கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிய காலத்தில் கண்டிப் பகுதி விவசாயிகள் தோட்டக் கூலிக்கு வர மறுத்தனர். அவர்கள் சோம்பேறிகள் என்பது தோட்டச் சொந்தக்காரர் கண்ட விளக்கம். உண்மையிலே அவர்களிடம் வயலும் வீட்டு வளவும் இருந்தன. பிறன் ஊதும் கொம்புக்கு எழும்ப வேண்டிய தேவை இருக்கவில்லை. மலாய், யாவக, பிலிப்பைன் மக்களைப் பற்றி எழுந்த இதே பழிச்சொல்லை ஆராய்ந்த சையத் ஹுசைன் அலத்தாஸ், 1977இல் வெளிவந்த தம் நூலில் அது குடியேற்ற முதலாளித்துவம் உண்டாக்கிய கட்டுக்கதை எனக் காட்டினார். சுதந்திரத்துக்கு எசமானன் இட்ட பெயரே சோம்பல். இதிலிருந்து வேறொன்றும் பெறப்படும்: வளவுடையவனைப் பெரட்டுக்கு வரும்படி வற்புறுத்த இயலாது. எனவே பெரட்டுக்கு வருவோருக்கு வளவு இல்லாதிருத்தல் தோட்டத்துக்கு நன்று. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து நடந்தும் பின்னர்க் கப்பலும் கோச்சியும் ஏறியும் வந்த மக்களுக்கு, வரிசையாகக் கட்டிய லயங்களிலே ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா வழங்கப்பட்டது, காணி வழங்கப்படவில்லை. இதை வெறும் கருமித்தனம் என்று கொள்வது போதாது. அது தொழிலமைப்பின் அச்சாணி.

‘தோட்டம்’ என்ற சொல்லும் ஆராயத்தக்கது. யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் வெங்காயமும் புகையிலையும் விளையும், குடும்பத்துக்குரிய செம்மண் நிலம். மலைநாட்டில் தோட்டம் என்றால் நூற்றுக்கணக்கான ஏக்கர் தேயிலை. அங்கு பிறந்தவருக்கு அதில் ஒரு செடியும் சொந்தமன்று. ஒரே சொல் ஓரிடத்தில் உரிமையையும் மற்றோரிடத்தில் உரிமையின்மையையும் குறிக்கின்றது. ‘தோட்டக்காட்டான்’ என்ற இழிசொல்லைக் கூசாமல் வழங்கிய தமிழர் பலர், தம் வீட்டுப் பின்புறத்திலும் ஒரு தோட்டம் இருந்ததை நினைத்துப் பார்த்ததில்லை போலும்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. துரையின் பங்களாவிலே தோட்டக்காரனாக வேலை செய்யும் ஒரு தொழிலாளி காலையில் ரோசாச் செடிகளுக்கு மண் அணைக்கின்றான், புற்றரையைச் சீர்செய்கின்றான். மாலையிலே லயத்துக்குத் திரும்பியதும் காம்பராவின் பின்னால் கானோரத்தே கிடக்கும் நான்கு முழ நிலத்தில் அவரைக்குக் கொம்பு நடுகின்றான். சவ்சவ் கொடிக்குப் பந்தல் கட்டுகின்றான். இரு வேளையும் கை ஒன்று, மண்வெட்டி ஒன்று, மண்ணும் ஒன்று. உடலின் நோவும் ஒன்றே. மாலையில் அது கூடவும் இருக்கும். ஆயினும் காலையிற் செய்தது வேலை, மாலையிற் செய்வது ஓய்வு என்று அவனே கூறுவான். வேறுபாடு எங்கே இருக்கின்றது? எதை நடுவது, எப்போது நிறுத்துவது, விளைந்ததை யாருக்குக் கொடுப்பது என்பவற்றைக் காலையிலே மற்றொருவர் தீர்மானித்தார். மாலையிலே அவனே தீர்மானிக்கின்றான். ஆகவே ஓய்வை உழைப்புக்கு மறுதலையாகக் கொள்வது பிழையாகும். தன் செயலுக்குத் தானே தலைவனாகும் நேரமே ஓய்வு. அந்நேரத்தில் ஒருவன் உறங்கலாம், பாடலாம், கொத்தலாம்.

இதற்கு ஒரு வலிய மறுப்பு உண்டு. அந்த நான்கு முழ நிலத்தை அவன் விரும்பியா கொத்துகின்றான்? கூலி போதாமையாலன்றோ? 1973, 1974ஆம் ஆண்டுகளிலே உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைத் தாக்கியபோது பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அக்காலத்தில் லயத்தின் பின்னால் இருந்த மரவள்ளி பொழுதுபோக்கன்று, உயிர். தேவை துரத்தச் செய்யும் எதனையும் ஓய்வு என்பது, வறுமைக்குப் பூச்சூட்டும் பேச்சாகிவிடாதா? இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. பசிக்காகச் செய்யும் பயிரிலே தலைமை பாதி பசிக்குரியது என ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆயினும் மலைநாட்டு லயங்களைக் கண்டோர் ஒன்றை அறிவர். கீரைப் பாத்திக்கும் கோழிக்கூட்டுக்கும் இடையிலே, உடைந்த வாளியிலோ பழைய தகரத்திலோ, ஒரு டேலியாவோ செவ்வந்தியோ நிற்கும். அதை உண்ண முடியாது, விற்பாருமிலர். இடமோ ஒரு சாண்கூட மிச்சமில்லை. அந்த ஒரு சாணையும் மலருக்குக் கொடுத்தவரைப் பசி துரத்தியது என்று சொல்ல எவராலும் இயலாது.

பயணத்துக்கு வருவோம். தோட்டத்துரைமாருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாய்நாடு சென்றுவர மாதக்கணக்கில் நீண்ட விடுப்புக் கிடைத்தது. திரும்பும்போது வேலையும் பங்களாவும் காத்திருந்தன. ஐரோப்பாவிலிருந்து கண்டு களிக்க வந்தோரும் பலர். 1911இல் வந்த ஹேர்மன் ஹெசே பிதுருதலாகலை மலையேறி நின்றபோது, அப்பயணத்தில் தாம் கண்ட வேறெதனையும் விட அந்நிலக்காட்சியே தம்மை ஆழமாகத் தொட்டது என எழுதினார். அவர் பின்னாளில் சுவிற்சர்லாந்திலே தம் தோட்டத்தைப் பேணுவதையே ஒரு தியானமாகக் கொண்டவர். தோட்டமும் பயணமும் ஒரு மனிதனின் உள்ளத்தை எவ்வளவு விரிக்க வல்லவை என்பதற்கு அவரே சான்று. அந்த விரிவை எவரும் குறைகூற வேண்டியதில்லை. கேட்க வேண்டியது வேறு: மலையின் கீழே நின்றவருக்குப் பயணம் என்னவாக இருந்தது?

அவருக்கும் பயணம் இருந்தது. ஊரிலே தங்கைக்குத் திருமணம், தந்தைக்குக் கருமாதி என்றால் தலைமன்னாரிலே கப்பலேறி இந்தியாவுக்குப் போய்வருவர். இவர்கள் இந்நாட்டில் நிலையாகத் தங்காத வழிப்போக்கர் என்ற வாதத்துக்கு அப்பயணமே சான்றாக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வசித்ததற்குச் சான்று கேட்டது. ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் அத்தொடர்ச்சி அறுந்ததாகும். துரைக்கு உரிமையாகிய பயணம் தொழிலாளிக்குக் குற்றமாயிற்று. துரை பிரசாவுரிமை கேட்டு நின்றாரல்லர் என்று வாதிடலாம், மெய்தான். கேட்டு நிற்கத் தேவையில்லாதிருந்ததே அவருடைய செல்வம். பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் ஒப்பமான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதிபாதியாகப் பிரித்தன. ஹற்றனிலும் நானுஓயாவிலும் கோச்சி ஏறியோருள் எத்தனையோ பேர் தாம் ஒருபோதும் கண்டிராத ‘தாய்நாட்டுக்கு’ப் போனார்கள். போவதும் வருவதும் தன் கையில் இருந்தால்தான் பயணம். திரும்பிவர இயலாதென்றால் அதற்குத் தமிழில் வேறு பெயருண்டு. வேனில் பிரிவின் காலம் என்று பழந்தமிழர் கூறியது இவர்களுக்கே பொருந்திற்று.

திருமணத்தைப் பற்றிச் சுருங்கச் சொன்னாலும் போதும். தோட்டத்திலே ஒரு நாள் உழைப்புக்குப் ‘பேர்’ என்பது பெயர். வேலைக்கு வந்தால் பேர் விழும், வராவிடின் விழாது. மணவீட்டுக்குப் போனவருக்குப் பேரில்லை. 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்திலே, வழங்கப்பட்ட நாட்களில் 75 வீதம் வேலைக்கு வந்தோருக்கே வருகைக் கொடுப்பனவு என்று இருந்தது. 2019இல் அது கைவிடப்பட்டது. உறவினர் கூடிச் சிரிக்கும் ஒரு நாளுக்கு விலை குறிக்கப்பட்டிருந்தது என்பதே இதன் பொருள். ஆயினும் கலியாணங்கள் நின்றுவிடவில்லை. லயத்து முற்றத்திலே பந்தல் எழுந்தது, தப்பு முழங்கிற்று, கடன் பட்டேனும் பத்துத் தோட்டத்து உறவு அழைக்கப்பட்டது. இக்கடனைக் கண்டு வீண்செலவு எனத் தலையசைக்கும் படித்தோர் பலர். ஆண்டு முழுதும் எண்ணிக்கையாய் மட்டும் இருந்தவர் ஒரு நாளேனும் தாய்மாமனாக, மைத்துனனாக, அத்தையாக நிற்பதற்குக் கொடுக்கும் விலையை வீண் என்று தீர்ப்பதற்கு அவர்களுக்கு என்ன அளவுகோல் இருக்கின்றது என்பது தெரியவில்லை.

இதே பந்தலின் பின்புறத்தையும் பார்த்தல் நேர்மையாகும். அங்கே அடுப்பின் முன் நிற்போர் முதல்நாள் வரை கூடை சுமந்த பெண்கள். மலையில் எட்டு மணிநேரம். முன்னும் பின்னும் தண்ணீர், விறகு, சமையல், பிள்ளை. ஆணுக்கு மாலையில் அவரைப் பந்தலாவது உண்டு. பெண்ணுக்கு அந்த மாலையே இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி என்பதே தோட்டங்களில் 1984ஆம் ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது. சம ஓய்வைப் பற்றித் தொழிற்சங்க மேடைகளும் அதிகம் பேசியதில்லை. சி. வி. வேலுப்பிள்ளை 1970இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலுக்கு ‘உழைக்கப் பிறந்தோர்’ என்ற பொருள்படத் தலைப்பிட்டார். அத்தலைப்பின் முழுக் கனத்தையும் சுமப்பவர் பெண்களே. துரையின் ஓய்வு தொழிலாளியின் உழைப்பில் நிற்கின்றது என்று கண்டிப்பவன், தன் ஓய்வு யாருடைய உழைப்பில் நிற்கின்றது என்பதையும் வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்க்கக் கடமைப்பட்டவன்.

ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனம் 1948 திசம்பர் 10ஆம் நாள் நிறைவேறிற்று. அதன் 24ஆம் உறுப்புரை, ஓய்வும் இளைப்பாறலும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் ஒவ்வொருவருக்கும் உரியன என்கின்றது. இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள். இரண்டுக்கும் இடையே ஒரு மாதம்கூட இல்லை. ‘ஒவ்வொருவருக்கும்’ என்று உலகம் எழுதிய வேளையில், அச்சொல்லுக்குள் அடங்காதோர் யார் என்று இத்தீவு தீர்மானித்து முடித்திருந்தது. (இலங்கை 1955 வரை அச்சபையில் உறுப்புரிமை பெறவில்லை என்பதும் உண்மை, அதனால் நிலைமை மாறிவிடாது.) 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடன் நாடற்றோர் என்ற நிலை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் ஓய்வு தாளில் எழுதியதும் வந்துவிடும் பொருளன்று. கூடுவதற்கு முற்றமும், போய்வருவதற்கு உறுதியான திரும்புமிடமும், நடுவதற்கு மண்ணும் அதற்கு வேண்டும். இம்மூன்றிலும் மண்ணே முதன்மையானது. அதுவிருந்தால் மற்றை இரண்டும் ஒருவாறு வந்து சேரும்.

கடந்த சில ஆண்டுகளாக லயங்களுக்குப் பதிலாகத் தனிவீடுகள் எழுந்து வருகின்றன. இந்திய அரசின் உதவியுடன் கட்டப்படும் வீடு 550 சதுர அடி. அதற்கென முதலில் ஒதுக்கப்பட்ட காணி 7 பேர்ச். ஏறத்தாழ 1,900 சதுர அடி. 10 பேர்ச் வேண்டும், 20 பேர்ச் வேண்டும் என்ற வாதங்களும் எழுந்துள்ளன. வீடும் வழியும் வடிகாலும் கழிப்பிடமும் போனால் 7 பேர்ச்சில் எஞ்சுவது சரிவான ஒரு துண்டு நிலமே. குடும்பம் பெருகினால் அதிலும் ஒரு அறை எழும்பிவிடும். அளவைக் கணக்கிட்டோர் சுவருக்கு எவ்வளவு, கூரைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டனர். ஒரு மனிதன் மாலையில் தன் விருப்பத்துக்குக் கொத்துவதற்கு எவ்வளவு என்று கணக்கிட்டதாகத் தெரியவில்லை. புதிய வீடுகள் சிலவற்றின் முன்னாலே, லயத்திலிருந்து கொணர்ந்த தகரங்களில் நின்ற டேலியாக்கள் இப்போது தரையில் நடப்பட்டிருக்கின்றன.